தட்டைக் கவ்வும் இரும்புக் கை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் கரிசல் நிலம். இருமருங்கும் சீமைக் கருவேல், கோடையில் புழுதி. விரைந்து வரும் ஒரு காரின் முன்னே ஆட்டு மந்தை திடீரெனச் சாலையில் இறங்குகிறது. ஓட்டுபவர் பிரேக்கை அழுத்துகிறார், வண்டி நிற்கிறது. அதன் வேகம் எங்கே போயிற்று?

கணக்கிட்டுப் பார்ப்போம். 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் இயக்க ஆற்றல் 4,50,000 ஜூல். 30 டிகிரி செல்சியஸில் உள்ள சுமார் ஒன்றரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இவ்வளவு ஆற்றலும் சில நொடிகளில் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. இந்த வெப்பத்தைச் சமாளிக்க மனிதன் பட்ட பாடே பிரேக்கின் வரலாறு எனலாம்.

சக்கரத்துடன் சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடித்து நிறுத்தும் முறைக்கு, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்திய உராய்வுப் பொருள் செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசியதால் காதைத் துளைக்கும் கிறீச்சொலி எழுந்தது. அக்காலச் சாலைகளின் புழுதி செம்பை விரைவில் தேய்த்துவிட்டது. நம் கரிசல் காட்டுப் பாதைகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. 1907-இல் ஹெர்பர்ட் புரூடு கல்நார் கலந்த பட்டைகளைப் புகுத்த, ஓசை அடங்கியது. ஆயினும் கார்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தவை டிரம் பிரேக்குகளே.

இதற்கிடையில் பாஸ்கல் விதி காருக்குள் நுழைந்தது. அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது அவ்விதி. 3 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனைத் தள்ளினால், மறுமுனையில் 18 சதுர சென்டிமீட்டர் பிஸ்டனில் ஆறு மடங்கு விசை கிடைக்கும். நகரும் தூரமோ ஆறில் ஒரு பங்காகும். அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் இம்முறையை உருவாக்கினார். 1921-இல் டியூசன்பர்க் கார்களின் நான்கு சக்கரங்களுக்கும் அது வந்தது.

டிரம் பிரேக்கில் ஒரு குறை உண்டு. சூடேறினால் டிரம் விரிந்து, உள்ளிருக்கும் பட்டையை விட்டு விலகும். தட்டோ சூட்டில் தடித்துப் பட்டையை நோக்கி வரும். திறந்த காற்றில் விரைவில் குளிரவும் செய்யும். 1953-ஆம் ஆண்டு பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இவ்வுண்மை உலகறிய விளங்கியது. டன்லப் தட்டு பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் கார், டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் ஓட்ட, சராசரியாக மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர் வேகத்தில் வென்றது. 1956-இல் டிரையம்ப் டி.ஆர்.3 ஸ்போர்ட்ஸ் காரின் முன் சக்கரங்களில் கர்லிங் தட்டு பிரேக்குகள் இடம்பெற்றன. கர்லிங் பிரேக்குகளைச் செய்த லூக்காஸ் குழுமமும், மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ். குழுமமும் இணைந்து 1962-இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின.

தட்டைக் கவ்வும் உறுப்பே காலிப்பர். பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிப்பவர்கள் முதலில் அதைத் தேய்த்து வண்ணம் பூசவே விரும்புவர். சக்கரத்தின் இடைவெளியில் அது கண்ணுக்குத் தெரியும். ஆனால் நோய் இருப்பது உள்ளே. வழக்கமான பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழை குறைந்த நம் வட்டாரத்திலும் காற்றில் ஈரம் இல்லாமல் இல்லை. 'டாட் 3' வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்து ஆவியானால் அது அமுங்கும்; அழுத்தம் சக்கரத்தைச் சேராது, மிதி கட்டை தரையைத் தொடும். அதே நீர் பிஸ்டனையும் அரிக்கிறது.

பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர வெட்டுமுக ரப்பர் வளையம் உண்டு. அழுத்தும்போது அது சிறிது வளைந்து கொடுக்கும். விட்டதும் மீள்தன்மையால் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும். திரவம் கசியாமல் காப்பதும் அதுவே. எனவே அரித்துக் குழி விழுந்த பிஸ்டனை மாற்றிவிட வேண்டும். வளையம் அமரும் பள்ளத்தில் துரு இருக்கக் கூடாது. பட்டறையில் எதையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் இங்கே ஆகாது. அது பட்டால் இந்த ரப்பர் உப்பிவிடும். ஆல்கஹாலோ புதிய பிரேக் திரவமோ போதும். காற்றழுத்தத்தால் பிஸ்டனை வெளியேற்றும்போது எதிரே மரக்கட்டை வைக்க வேண்டும். விரல் வைத்தால் நசுங்கும். பழைய பட்டைகளின் தூளில் கல்நார் இருக்கலாம். நுரையீரலைக் கெடுக்கும் அதை ஊதாமல், ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

வண்ணம் பூசுவது இவற்றுக்குப் பின்னரே. பிரேக் திரவம் சாதாரண வண்ணத்தைக் கரைத்துவிடும். ஆகவே அதையும் வெப்பத்தையும் தாங்கும் வண்ணம் தேவை. பிஸ்டன் துளையிலும், பட்டைகள் நகரும் இடத்திலும், வண்டியோடு பொருந்தும் முகத்திலும் அது படக்கூடாது. பூட்டியபின் குழாய்களிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றி, மிதி கட்டை உறுதியாக நிற்கிறதா, எங்கேனும் கசிகிறதா என்று நின்ற நிலையிலேயே பார்க்க வேண்டும். அதன்பின் ஆளில்லாத வெளியில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்க்கலாம். ஆட்டு மந்தை குறுக்கே வரும்போது பிரேக்கைச் சோதிக்க நேரமிராது.