ஸ்மோங்!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி. இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கு மேற்கே, சிமலுவே தீவின் வடகரையில் உள்ள லாங்கி கிராமத்தில் தரை ஆடி ஓய்ந்தது. எட்டே நிமிடம். 10 மீட்டருக்கும் உயரமான அலை ஊரை வழித்துக்கொண்டு போனது. ஊரில் சுமார் 800 பேர், ஒருவர்கூடச் சாகவில்லை. அலை வருமுன்பே எல்லோரும் மேட்டில் ஏறிவிட்டார்கள்.

சைரன் கிடையாது, வானொலி அறிவிப்பு கிடையாது. 'ஸ்மோங்! ஸ்மோங்!' என்ற கூச்சல்தான் இருந்தது. தீவின் பேச்சில் ஸ்மோங் என்றால் கடல் பேரலை.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த கதைக்கு வயது நூறை நெருங்கியிருந்தது. 1907 ஜனவரி 4 அன்று, டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில், இதே தீவை நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து பேரலையும் தாக்கின. கடல் உள்வாங்கியதும் தரையில் துள்ளிய மீன்களை அள்ள ஓடியவர்கள் திரும்பவில்லை. பிழைத்தவர்கள் கல்வெட்டு எதுவும் வைக்கவில்லை, வீட்டில் பேசினார்கள். மாலைத் தொழுகை முடிந்து உட்காரும்போது, கிராம்பு பறிக்கும்போது, பிள்ளையைத் தூங்க வைக்கும்போது அதே கதைதான். இப்படிக் கதை சொல்வதற்கு அங்கே 'நாஃபி நாஃபி' என்று பெயர். 'நாண்டோங்' என்னும் பாட்டு வகையிலும் ஸ்மோங் புகுந்துகொண்டது. சேதி சின்னது: நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடு.

கதையென்று பார்த்தால் இதில் சுவை அதிகமில்லை. வீரன் இல்லை, திருப்பம் இல்லை. 'பாட்டி மறுபடி ஆரம்பித்துவிட்டாள்' என்று எத்தனை பேரன்கள் கொட்டாவி விட்டார்களோ! அந்தச் சலிப்புதான் அதன் பலம் என்று தோன்றுகிறது. மூன்று தலைமுறையாகக் கேட்டுப் புளித்துப்போன சொல், அன்று காலை யோசிக்க இடம் வைக்கவில்லை. துணிமணி எடுப்பதா, கதவைப் பூட்டுவதா என்ற கேள்வியே எழாமல் கால்கள் கிளம்பிவிட்டன.

சிமலுவே அடங்கிய அதே ஆச்சே மாகாணத்தின் பெருநிலக் கரையில் கடல் வற்றியபோது பலர் மீன் பொறுக்க இறங்கினார்கள். அவர்களை அறிவிலிகள் என்று சொல்லிவிட முடியாது. கடல் விலகினால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குச் சொல்லிவைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இந்தோனேசியாவில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,60,000-க்கும் மேல். சிமலுவேயின் மக்கள்தொகை அப்போது சுமார் 78,000. இறந்தவர்கள் 7 பேர்.

ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்து அதே அலை நாகப்பட்டினத்துக்கு வந்தது. அங்கே ஓடச் சொல்லும்படி நிலம் பலமாக ஆடவுமில்லை. மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 'சுனாமி' என்ற சொல்லையே நம்மில் பெரும்பாலோர் அன்றுதான் கேட்டோம்.

அதற்குப் பிறகு பிறந்த நம் கடலோரப் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். அந்தக் காலையைப் பற்றி அவர்களிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், நீங்களே ஆரம்பியுங்கள். கொட்டாவி விட்டாலும் பரவாயில்லை.