முதியோரின் இரைப்பை முறுக்கம்: 'வாயு' என்று பொறுத்திருத்தல் ஆபத்து

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பிஸ்கட்டவே, இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ஊர். பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்குவதற்காகத் தாயகத்திலிருந்து வரும் முதிய பெற்றோரும் அங்கு உண்டு. அவர்கள் வயிறு உப்புவதாகக் கூறினால், வாயு என்று கருதி ஓமத் தண்ணீரோ சோடாவோ கொடுப்பது வழக்கம். அரிதாக, அது இரைப்பை முறுக்கமாக இருக்கக்கூடும்.

இரைப்பை தன் அச்சிலேயே 180 பாகைக்கு மேல் சுழன்று அடைபடுவதே 'கேஸ்ட்ரிக் வால்வுலஸ்' எனப்படும் இந்நோய். இரத்த ஓட்டம் தடைபட்டால் இரைப்பையின் சுவர் அழுகி, துளை விழுந்து, உயிரிழப்பு நேரிடலாம். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமே இது பெரிதும் காணப்படுகிறது. உதரவிதானத்திலுள்ள துவாரம் வயதாக ஆகத் தளர்ந்து, அதன் வழியே இரைப்பை மார்புக்குள் ஏறிவிடுவதே முக்கியக் காரணம்.

மேல்வயிற்றில் திடீர்க் கடும் வலி, குமட்டி எடுத்தும் வாந்தி வராமை, மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாயைச் செலுத்த இயலாமை ஆகிய மூன்றையும் இதன் அடையாளங்களாக 1904ஆம் ஆண்டில் போர்க்கார்ட் என்ற மருத்துவர் வகுத்தார். முதலிரண்டும் வீட்டிலேயே தெரியக்கூடியவை. வலி மார்பில் தோன்றினால் மாரடைப்பாகவும் இருக்கலாம். எதுவாயினும், உணவோ பானமோ தராமல் 911 எண்ணை அழைப்பதே முறை.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் மூலம் நோய் உறுதி செய்யப்படுகிறது. குழாய் மூலம் இரைப்பையின் அழுத்தம் குறைக்கப்பட்டு, பின்னர் அறுவைச் சிகிச்சையில் முறுக்கு நீக்கப்படுகிறது. துவாரம் தைக்கப்பட்டு, தேவைப்பட்டால் இரைப்பை வயிற்றுச் சுவருடன் பொருத்தப்படுகிறது. பெரிய அறுவையைத் தாங்கவியலாத முதியோருக்கு, இரைப்பை அழுகாதிருந்தால், எண்டோஸ்கோப்பி மூலம் முறுக்கை அவிழ்க்க முயல்வதுண்டு.

காப்புறுதி இல்லையே என்ற தயக்கமும், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணமும் பெற்றோரை மௌனமாக்குகின்றன. ஆனால், 1986ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருபவரை, பணம் செலுத்தும் வசதியைக் காரணம் காட்டாமல் பரிசோதித்து, நிலைமை சீராகும்வரை சிகிச்சை அளிக்க வேண்டும். கட்டணச் சீட்டு பின்னர் வரக்கூடும். எனினும் அதைப் பேசித் தீர்க்க அவகாசம் உண்டு. முறுக்கிய இரைப்பைக்கு அந்த அவகாசம் இல்லை.