அசலனும் வாளும்: ஜப்பானியப் போர்க்கலைக் கருத்துகளில் இந்தியச் சமய மரபு

ஜப்பானியப் போர்க்கலைகளுக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு பேசப்படும்போதெல்லாம் போதிதருமரின் பெயரே முதலில் எடுக்கப்படுகிறது. காஞ்சியிலிருந்து சென்ற அவர் சாவோலின் மடத்தில் கற்பித்த கலையே பின்னர்க் கராத்தேயாக வளர்ந்தது என்னும் நம்பிக்கை தமிழரிடையே பரவலாக உள்ளது. ஆயின், அவரைப் பற்றிய தொன்மையான சீனக் குறிப்புகளில் போர்க்கலை பேசப்படவில்லை. அவற்றுள் காலத்தால் முந்தியதாகிய, கி.பி. 547 அளவில் எழுதப்பட்ட லோயாங் மடங்களைப் பற்றிய நூல் அவரைப் பாரசீகர் என்றே குறிக்கிறது. தென்னிந்தியர் எனக் கூறும் குறிப்பும் உண்டு. அவரைச் சாவோலின் உடற்பயிற்சிகளோடு இணைக்கும் 'யிசின் சிங்' 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நூலாகும். இவ்வலுவற்ற இழையையே பற்றிநிற்பதால் வலுவுடைய வேறோர் இழை நம் கவனத்தினின்று நழுவுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அவ்விழை மந்திரயானப் பௌத்தமாகும். தென்னிந்தியாவின் மலய நாட்டவராகச் சீன நூல்கள் சுட்டும் வச்சிரபோதி, பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் ஆதரவுடன் கடல்வழியே சீனம் சென்று, கி.பி. 720 அளவில் தாங் தலைநகரை அடைந்தார். அவருடைய மாணவர் அமோகவச்சிரர். அவருடைய மாணவர் குய்குவோ. கி.பி. 804இல் ஜப்பானிலிருந்து சென்ற கூக்காய், குய்குவோவிடம் தீக்கை பெற்று 806இல் நாடு திரும்பி ஷிங்கோன் நெறியை நிறுவினார். இந்நெறி இன்றும் வச்சிரபோதியைத் தன் குருமரபினருள் ஒருவராகப் போற்றுகிறது.

இவ்வழியே வேதமரபின் ஓமம் 'கோமா' என்னும் பெயரில் ஜப்பானில் நிலைபெற்றது. இந்தியத் தெய்வங்களும் அங்குப் புதுத் தொழில் ஏற்றன. செல்வத்தின் தலைவனாக நாம் அறியும் குபேரன், வைசிரவணன் என்னும் பெயரின் வழியே 'பிஷாமோன்தென்' ஆகி, வீரர்களின் காவலன் ஆனான். 16ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர் உயெசுகி கென்ஷின் தம் கொடியில் அத்தெய்வப் பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருந்தார். ஒளிக்கதிரைக் குறிக்கும் மரீசி என்னும் பெண்தெய்வம் 'மரிஷிதென்' எனப் போர்க்களப் பாதுகாப்பு வேண்டி வணங்கப்பட்டது.

கருத்தளவில் முதன்மை பெறுவது அசலன் என்னும் தெய்வமாகும். ஜப்பானியர் இச்சொல்லின் பொருளையே பெயர்த்து 'ஃபுதோ', அதாவது அசையாதவன், என வழங்கினர். பாறைமீது அனல் சூழ, வலக்கையில் வாளும் இடக்கையில் கயிறும் ஏந்தியது இவ்வுருவம். ஜென் துறவியான தக்குவான் சோகோ (1573–1645), தொக்குகாவா ஆட்சியாளர்களின் வாள்ஆசான் யாக்யூ முனெனோரிக்கு எழுதிய நூலில் இத்தெய்வத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அசையாமை என்பது கல்லைப் போல் கிடப்பதன்று. எதிரியின் வாளிலோ தன் வாளிலோ தங்கிவிடாது மனம் எங்கும் இயங்குதலே அசையாமை என்பது அவர் விளக்கம். ஆயிரங்கை அவலோகிதரின் மனம் ஒரு கையில் நின்றுவிட்டால் ஏனைய 999 கைகளும் பயனற்றுப் போகும் என்று அவர் இதனைத் தெளிவுபடுத்துகிறார்.

போர்க்களத்தில் நிற்கும் அர்ச்சுனனுக்குப் பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் உரைக்கும் நிலைத்த அறிவும் 'அசலா' என்னும் சொல்லாலேயே சுட்டப்படுகிறது. எனினும், கீதையிலிருந்து தக்குவான் இதனைப் பெற்றார் என்பதற்குச் சான்றில்லை. அசலன் என்னும் தெய்வம் சென்ற வழி வரலாறு. கீதையோடு காணும் ஒற்றுமை ஒப்புமை மட்டுமே. போர்க்கலை உத்திகள் இங்கிருந்து சென்றன என்றும் இச்சான்றுகள் கூறவில்லை. வீரனின் மனப்பயிற்சிக்குத் துணைநின்ற தெய்வங்களும் சொற்களும் சடங்குகளுமே சென்றன.

இவ்வேறுபாட்டைப் பேணுவதால் தமிழகத்தின் பங்கு குறைவுபடாது. பல்லவர் காலக் கடல்வழித் தொடர்பும் வச்சிரபோதி பற்றிய சீனப் பதிவுகளும் ஒருங்கே வைத்து ஆராயப்பட வேண்டும். காஞ்சியிலிருந்து கோயா மலை வரை நீளும் குருமரபே அவ்வாய்வுக்கு உரிய தொடக்கமாகும்.