விதியைக் கேட்கும் பாத்திரம்

தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஆட்டத்துக்கும் இலக்கணத்துக்கும் சட்டத்துக்கும் உரிய நெறி ஒன்று. தலையில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படுவது மற்றொன்று. முதலாவதைக் கேள்வி கேட்கலாம். இரண்டாவதைக் கேட்க முடியாது, நொந்துகொள்ளத்தான் முடியும். பாரதத்தின் சூதாட்ட மண்டபத்தில் இவ்விரு பொருள்களும் நேருக்கு நேர் மோதுகின்றன. எல்லாம் விதியின் வசம் என்று சொல்லித் தருமன் ஆட அமர்கிறான். ஆட்டம் முடிந்தபின் பாஞ்சாலி கேட்பதோ ஆட்டத்தின் விதியைப் பற்றி. பல முறை படித்தும் பாடம் சொல்லியும் பழகிய இந்த இடத்தை மறுபடி எண்ணிப் பார்க்கச் செய்தது, இதற்குச் சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு வழக்கு.

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, பூசாரி என்று ஆளுக்கொரு வேடம் ஏற்று, அந்த வேடத்தின் குரலிலேயே பேசுவார்கள். வெட்டு விழுந்ததா, மந்திரம் பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். சிட்லபாக்கத்தில் எங்கள் பகுதிக் கல்லூரி மாணவர்கள் சிலரும் விடுமுறை நாட்களில் மொட்டைமாடியில் இதை ஆடுகிறார்கள். அவர்களுக்குள் ஓயாமல் எழும் வழக்கு இது: வேடத்தில் இருக்கும்போது ஆட்டத்தின் விதிகளைப் பற்றிப் பேசலாமா? போர்க்களத்தில் நிற்கும் வீரன், "எனக்கு இன்னும் நான்கு உயிர்ப்புள்ளிகள்தாம் மீதி" என்று சொல்லலாமா? அவனுக்குக் காயம் தெரியும், வலி தெரியும். புள்ளி எப்படித் தெரியும்?

கேரி ஆலன் ஃபைன் என்ற சமூகவியலாளர் 1983-இல் இவ்வகை ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எர்விங் காஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைத் துணைக்கொண்டு, மேசையில் அமர்ந்திருப்பவரிடம் மூன்று அடுக்குகளை அவர் காண்கிறார். வீடும் தொழிலும் உள்ள மனிதர். விதிகளை அறிந்த ஆட்டக்காரர். கதைக்குள் வாழும் பாத்திரம். ஆட்டக்காரர் அறிந்ததைப் பாத்திரம் அறிந்திருக்கக் கூடாது என்பது எழுதப்படாத ஒழுங்கு.

ஆனால் இந்த ஒழுங்கு எல்லா இடத்திலும் நிற்பதில்லை. அதே ஆட்டத்தில் மந்திரவாதி, "இன்றைக்கு எனக்கு இரண்டு மந்திரங்களே எஞ்சியுள்ளன" என்று சொன்னால் யாருக்கும் உறுத்தாது. காரணம் எளிது. மந்திரவாதி ஒரு நேரத்தில் சில மந்திரங்களையே நினைவில் வைத்திருக்க முடியும், உச்சரித்ததும் மறந்துபோகும் என்ற விதி, ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. கதையிலிருந்து பிறந்த விதியைக் கதைக்குள்ளே பேசலாம். கணக்கு வைப்பதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்த விதிதான் உறுத்துகிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் பழைய சூதுக் கதைகளைப் பார்த்தால் வியப்பூட்டும் ஒன்று தென்படுகிறது. நளன் கதையில் ஆட்டத்தின் எறிவே ஒரு பாத்திரமாகிவிடுகிறது. பழங்காலத்தில் தான்றிக்காய்களைப் பகடையாகக் கொண்டு ஆடினர். ரிக்வேதத்தின் சூதாடி பற்றிய பாடலும் தான்றிக்காயைத்தான் பேசுகிறது. கையில் அள்ளிய காய்களை நான்கு நான்காகக் கழித்தால் மிச்சம் நிற்பதைக் கொண்டு கிருதம், திரேதம், துவாபரம், கலி என்று பெயரிட்டனர். ஒன்று மிஞ்சினால் கலி, தோல்வி. யுகங்களின் பெயர்களும் இவையே. அந்தக் கலிதான் நளனுக்குள் புகுந்து அவனைத் தோற்கடிக்கிறான். பின்னர் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணாமலே கணக்கிட்டுச் சொல்கிறான். தேரோட்டும் கலைக்கு மாற்றாகப் பகடையின் மறைபொருளை நளனுக்குக் கற்பிக்கிறான். கற்ற கணமே கலி அவன் உடலை விட்டு நீங்குகிறான். புகழேந்தி தம் நளவெண்பாவின் மூன்றாம் காண்டத்துக்குக் 'கலிநீங்கு காண்டம்' என்றே பெயரிட்டார். நளனை மீட்டது வீரமன்று, ஆட்டம் எப்படி இயங்குகிறது என்ற அறிவு. தலையெழுத்து என்று கிடந்த விதியை ஆட்ட விதியாக அறிந்துகொண்டவன் விடுதலை பெறுகிறான்.

பாரதத்தின் சபா பருவத்தில் இதே அறிவு இருந்தும் பயன்படாமல் போகிறது. வியாசரின் தருமன் விதி அறியாதவன் அல்லன். பணயம் துரியோதனனுடையது, உருட்டுவது சகுனி என்று சொல்லப்பட்டதும், ஒருவருக்காக மற்றொருவர் ஆடுவது முறையன்று என்று மறுப்புச் சொல்கிறான். ஆனால் மறுப்பைச் சொல்லிவிட்டு ஆடுகிறான். செல்வமும் நாடும் போனபின் நகுலன், சகாதேவன், அருச்சுனன், வீமன் என்று வரிசையாக இழந்து, பிறகு தன்னையும் வைத்து இழக்கிறான். அதன் பிறகே பாஞ்சாலியை வைக்கிறான்.

அழைக்க வந்த பிராதிகாமியிடம் அவள் அழவில்லை, சபிக்கவில்லை. ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறாள். முதலில் தன்னை இழந்தாரா, என்னை இழந்தாரா? இதைவிடத் துல்லியமான ஆட்ட வினா இருக்க முடியாது. எறிவுகளின் வரிசையைக் கேட்கிறாள். அடிமையானவனுக்கு உடைமை இல்லையென்றால் கடைசிப் பணயம் செல்லாது. தருமன் உணர்விழந்தவன்போல் வாய் திறக்கவில்லை. அவளே இங்கு வந்து கேட்கட்டும் என்கிறான் துரியோதனன். விதியைக் கேட்ட கேள்வியே அவளைச் சபைக்கு இழுத்துவரும் காரணமாகிறது.

மொட்டைமாடி ஆட்டக்காரனுக்கும் பாஞ்சாலிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அவன் சற்று வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த எறிவு செல்லாது" என்று நண்பனாகப் பேசலாம். வழக்குத் தீர்ந்ததும் மறுபடி வீரனாகலாம். அவளுக்கு அப்படி ஒதுங்கி நிற்க ஒரு வெளி இல்லை. அவள் ஆட்டக்காரி அல்லள், பணயம். விதியைப் பேசுவதானால் பணயமாக இருந்துகொண்டேதான் பேச வேண்டும்.

வெளியே நிற்கத்தக்க ஒருவனைத் தெருக்கூத்து படைத்துக்கொண்டது. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். சூதும் துகிலுரிதலும் வரும் இரவுக்குப் 'பகடை துயில்' என்று பெயர். திரைக்குப் பின்னிருந்து வரும் வேடங்கள் தங்களைப் படர்க்கையில் அறிமுகம் செய்துகொள்ளும். யார், எந்த ஊர் என்று வினவுவான் கட்டியக்காரன். அவன் துரியோதனன் சபையின் சேவகன், அதே நேரத்தில் நம் ஊர்க்காரன். கதைக்குள்ளிருந்தே கூத்தைப் பற்றிப் பேசுவான், உள்ளூர் நடப்பை இழுத்துக் கேலி செய்வான். ஃபைன் பிரித்த அடுக்குகளுக்கிடையே தடையின்றிப் போய்வரும் உரிமை அவனுக்கு மட்டுமே. எனினும் துகிலுரியும் கட்டத்தில் அந்தக் கேலி எடுபடுவதில்லை. அங்கே நிற்பவள் ஊருக்குத் தெய்வம். அவள் கேட்பது வேடத்தின் வினாவா, அம்மனின் வினாவா என்று பிரிக்க அங்கே ஒருவருக்கும் தோன்றாது.

பாரதி 1912-இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப் பின் 1924-இல் வந்தது. நாட்டைப் பணயமாக வைக்கும் இடத்தில் கவிஞரே குறுக்கிட்டுத் தருமனைக் கண்டிக்கிறார். பூசை செய்பவன் கோயில் சிலையை விற்கலாமா, காவல் காப்பவன் வீட்டை வைத்துச் சூதாடலாமா என்ற நோக்கில் அமைந்த கண்டனம் அது. பணயம் வைக்கும் உரிமை யாருக்கு என்ற ஆட்டக் கேள்வி அடிமை நாட்டின் அரசியல் கேள்வியாகிறது. தாயம் என்ற சொல்லை நினைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் அது ஒன்று விழுவது. வழக்கில் அது பரம்பரைச் சொத்துரிமை. அத்தினாபுரத்துத் தாயாதிகள் ஒரு தாயத்தை மறு தாயத்தால் தீர்த்துக்கொள்ள முயன்றார்கள்.

சபையில் பாஞ்சாலிக்கு விடை கிடைத்ததா? விகர்ணன் ஒருவன் எழுந்து, தருமன் தன்னை இழந்த பின் வைத்தது, ஐவருக்கும் பொதுவானவளை ஒருவன் வைத்தது, சகுனி தூண்டி வைத்தது என்று காரணங்களை அடுக்கி, அவள் வெல்லப்படவில்லை என்கிறான். கர்ணன் அவனை அடக்குகிறான். சபையில் வினா எழுந்தபின் அறம் அறிந்தும் விடை சொல்லாதவனுக்குப் பொய்யுரைத்த பாவத்தில் பாதி வரும் என்று எச்சரிக்கிறான் விதுரன். பீஷ்மரோ, அறம் நுட்பமானது, என்னால் முடிவு சொல்ல இயலவில்லை என்கிறார்.

இந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள விடாமல் செய்கிறது விராட பருவம். இரண்டாம் சூதில் குறித்த விதிப்படி பன்னிரண்டு ஆண்டு வனவாசம், பதின்மூன்றாம் ஆண்டு தலைமறைவு. அதற்குள் கண்டறியப்பட்டால் மீண்டும் பன்னிரண்டு ஆண்டு. விராட நாட்டுப் போர்க்களத்தில் அருச்சுனன் வெளிப்பட்டதும், கெடு முடிந்ததா என்று கேட்கிறான் துரியோதனன். இதுவும் ஆட்ட விதி பற்றிய கேள்விதான். பீஷ்மர் தயங்கவில்லை. ஐந்தாண்டுக்கு இரண்டு மாதம் மிகும் என்று அதிக மாதங்களைக் கூட்டி, ஐந்து மாதமும் பன்னிரண்டு இரவும் கூடுதலாகவே கழிந்துவிட்டன என்று கணக்குச் சொல்கிறார்.

அரசன் கேட்டபோது இரவுகள் வரை எண்ணிச் சொல்லத் தெரிந்த அதே பெரியவருக்கு, பணயமாக நின்றவள் கேட்டபோது இரண்டு எறிவுகளில் எது முந்தியது என்று சொல்ல வாய் வரவில்லை. அறம் நுட்பமானதாக இருக்கலாம், வரிசை நுட்பமானதன்று. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து ஆட்டவிதி தலைவிதியாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை ஏற்க மறுத்ததுதான் பாஞ்சாலி செய்தது. மேசை ஆட்டத்தில் வேடம் கலையாமல் விதியைப் பேசுகிறவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், அவன் ஆடுகிறானா, பணயமாக நிற்கிறானா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.