தன் விடைத்தாளைத் தானே திருத்தினால்?

தேர்வு எழுதியவனிடமே விடைத்தாளைக் கொடுத்து "நீயே திருத்து" என்றால் எப்படி இருக்கும்? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் தரச்சான்று பெறத் தயாரிக்கும் சுய ஆய்வு அறிக்கை கிட்டத்தட்ட அப்படித்தான். கல்லூரி தன் நிறைகுறைகளைத் தானே எழுத வேண்டும். பிறகுதான் வெளியிலிருந்து குழு வந்து சரிபார்க்கும். இந்த விசித்திரமான வழக்கம் எப்படி வந்தது?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தரம் என்றால் எண்ணிக்கைதான். நூலகத்தில் எத்தனை புத்தகம், எத்தனை துறை, கையில் எவ்வளவு நிதி என்று கணக்குப் பார்த்தார்கள். நன்றாகக் கற்றுக்கொடுக்கும் சின்னக் கல்லூரி இதில் தோற்றுவிடும். 1934ல் அங்குள்ள வட மத்தியச் சங்கம் என்ற கல்வி அமைப்பு இதை மாற்றியது. ஒரு கல்லூரி தன் நோக்கம் என்று எதைச் சொல்கிறதோ, அதை எவ்வளவு தூரம் நிறைவேற்றுகிறது என்று பார்க்க ஆரம்பித்தது. நோக்கத்தைக் கல்லூரிதானே சொல்ல வேண்டும்! சுய ஆய்வுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான்.

1954ல் ஆசிரியர் கல்விக்கென்றே 'என்கேட்' அமைப்பு தொடங்கியது. 1997ல் அதற்குப் போட்டியாக 'டீக்' வந்தது. "உங்களிடம் படித்தவர்கள் நல்ல ஆசிரியர்களாகிறார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்பதே அதன் முக்கியக் கேள்வி. 2013ல் இரண்டும் சேர்ந்து 'கேப்' ஆனது.

நம் நாட்டில் 1986 தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக, 1994ல் பெங்களூரில் 'நாக்' உருவானது. 2002ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவுடன் (என்.சி.டி.ஈ.) ஒப்பந்தம் செய்துகொண்டு பி.எட். கல்லூரிகளையும் மதிப்பிடத் தொடங்கியது. பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு, மாணவர் நலன், நிர்வாகம், நல்ல நடைமுறைகள் என ஏழு தலைப்புகளில் அறிக்கை தர வேண்டும்.

2017ல் இந்த முறை மாறியது. மதிப்பெண்ணின் பெரும்பகுதி எண்களுக்கும், இணையத்தில் ஏற்றும் சான்றுகளுக்கும் போனது. காரணம் இல்லாமல் இல்லை. அழகான வாக்கியங்களில் எதையும் மறைத்துவிடலாம் அல்லவா? ஆனால் 1934ல் எதை விட்டு வெளியே வந்தார்களோ, அதே இடத்துக்குப் பாதி திரும்பி வந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

ஓர் உதாரணம். 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. பள்ளியில் 20 வாரப் பயிற்சி கட்டாயம். அறிக்கையில் "20" என்று எழுதுவது சுலபம். அந்த 20 வாரமும் பயிற்சி மாணவர் பாடம் நடத்தினாரா, இல்லை ஆசிரியர் வராத வகுப்பில் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? வகுப்புக்குப் பின்னால் அமர்ந்து அவரது தவறுகளை யாராவது சொன்னார்களா? இதை எந்த எண்ணும் சொல்லாது. கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

அறிக்கையில் 'பலவீனங்கள்' என்றும் ஒரு பகுதி உண்டு. பலர் அதை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் முழு அறிக்கையிலும் முக்கியமான பகுதி அதுதான். அங்கே பொய் எழுதினால் கல்லூரிக்கு நல்ல கிரேடு கிடைக்கலாம். விலை கொடுப்பது, நாளை அந்த ஆசிரியரிடம் படிக்கப்போகும் குழந்தைகள்!