பகாவ் மண்ணில் நடுச்சாமப் பூசை

1943 டிசம்பர் கடைசியில், சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் நெகிரி செம்பிலானின் பகாவ் பக்கம் வந்து இறங்கத் தொடங்கின. யுரேசியர்களும் சீனர்களுமாகப் பின்னர் சுமார் 3,000 பேர் அங்கே சேர்ந்தார்கள். காட்டைத் திருத்தித் தாங்களே பயிரிட்டுப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போது மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானிய ஆட்சியின் ஏற்பாடு. குடியேற்றத்துக்கு வைத்த பெயர் ஃபூஜி கிராமம். அந்த வட்டாரமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள். தோட்டந்தோறும் தமிழ்த் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள்.

அந்த லயங்களுக்குக் கிறிஸ்துமஸ் புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் கற்றுக்கொடுத்த பண்டிகை அது என்று நினைப்பவர்கள் உண்டு. துரையின் கிறிஸ்துமஸ் மேட்டுப் பங்களாவிலும் கிளப்பிலும் கேக்கோடு முடிந்தது. லயத்தில் நடந்ததோ, ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்தவர்கள் தங்கள் ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவந்த பெருநாள். பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். மேற்கிடம் வாங்கியதுதான் என்றாலும், வாங்கி நானூறு வருஷம் ஆகியிருந்தது!

24ஆம் தேதியென்றாலும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் ஓடும். மரத்தில் கட்டிய மங்கில் வடிந்ததை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் வீடு. டிசம்பர் மழையில் பட்டை நனைந்துவிட்டால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. பெருநாள் பெரும்பாலும் மெலிந்த மடியோடுதான் வந்தது. ஆனாலும் பிற்பகலில் மூங்கிலைச் சீவி ஐந்து முனை கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் நட்சத்திரம் தொங்கும். அடுப்பில் அதிரசம் வேகும். முதல் தட்டு அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்துக்கு. தீபாவளிக்கு அங்கிருந்து வந்த தட்டு இப்போது பதில் மரியாதையோடு போகிறது. லாரி கிடைத்தால் நடுச்சாமப் பூசைக்குச் சிரம்பான் விசிட்டேஷன் கோயில். கிடைக்காவிட்டால் லயத்திலேயே ஜெபமாலை.

ஜப்பான்காரன் காலத்தில் இந்த நடுச்சாமமே இடம் மாறியது. மலாயாக் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளிவைத்தார்கள். கடிகாரம் பன்னிரண்டு அடித்தபோது பழைய கணக்கில் இரவு பத்தரைதான். டிசம்பர் 25 ஜப்பானுக்கும் விடுமுறை நாளாகவே இருந்தது, ஆனால் காரணம் வேறு. தைஷோ பேரரசர் 1926இல் அதே நாளில் இறந்ததால், 1927 முதல் 1947 வரை அது அவர் நினைவு நாள்.  

லயங்களில் அப்போது பல வீடுகளில் ஆண்களே இல்லை. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் போனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தும் பல்லாயிரம் பேர் திரும்பவேயில்லை. அந்த வருஷம் எத்தனை வாசல்களில் நட்சத்திரம் கட்ட ஆளில்லாமல் போயிற்றோ, கணக்கெடுத்தவர் யாருமில்லை.

ஃபூஜி கிராமத்திலும் மலேரியா கொத்துக் கொத்தாகக் கொன்றது. மக்களோடு வந்து மண்ணைக் கொத்திய மலாக்கா ஆயர் அட்ரியன் டேவால்ஸின் காலில் மண்வெட்டி பட்டது. காயம் முற்றிப்போனது. 1945 ஜனவரியில் இறந்தார். 1944 கிறிஸ்துமஸ்தான் அவருக்குக் கடைசி. சண்டை முடிந்ததும் பிழைத்திருந்தவர்கள் சிங்கப்பூருக்குத் திரும்பினார்கள்.

தோட்டத் தமிழர்கள் அங்கேயே இருந்தார்கள், தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் துண்டாடல் வரும்வரை, பால்மரம் செம்பனையாகும்வரை. அவர்கள் பிள்ளைகள் இப்போது சிரம்பான், நீலாய் தாமான் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். கேட்டில் தொங்கும் நட்சத்திரம் பிளாஸ்டிக்காகிவிட்டது. அதிரசத் தட்டு இன்னமும் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. கழுவித் திருப்பும்போது அதில் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கிறது.