ஒன்றே முக்கால் அங்குலம்

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் வாங்க வருகிறவர் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கனத்தைக் கேட்பார். ஷூவின் மேல்தோல் என்றால் 1.2 முதல் 1.4 மில்லி. அடித்தோல் நாலு மில்லிக்கு மேல். கோட்டுத் தோல் ஒரு மில்லிக்கும் கீழே. ஷேவிங் மெஷினில் கால் மில்லி கூடுதலாகச் சீவிவிட்டால் அந்தத் தோல் போக வேண்டிய இடமே மாறிவிடும். ஜாஸ் கிதாரின் வாழ்க்கையிலும் இப்படிச் சீவிய கதை ஒன்று உண்டு. மூன்றே கால் அங்குலத்துக்கு மேல் ஆழமாக இருந்த அதன் உடம்பு, சுமார் இருபது வருஷத்தில் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு வந்து நின்றது. மெலிந்த உடம்பும் வெற்று வயிறும் கொண்ட எலக்ட்ரிக் கிதார் அப்படித்தான் பிறந்தது. அதை வாங்க நினைக்கிற எவரும் அது எங்கே எதை இழந்தது, எதைப் பெற்றது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

ஆரம்பத்தில் ஜாஸ் குழுக்களில் கிதாருக்குப் பின்வரிசைதான். டிரம்பெட்டும் சாக்சஃபோனும் முழங்கும்போது கிதார்க்காரர் தாளத்துக்குக் கார்டு போட்டுக்கொண்டிருப்பார். அரங்கத்தின் பாதிக்கு மேல் அது கேட்காது. ஓசை கூடட்டும் என்று உடம்பைப் பெரிதாக்கினார்கள். வயலின் மாதிரி வளைத்துச் செதுக்கிய மேல்பலகை, இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளைகள். கிப்சன் கம்பெனி 1922-ல் கொண்டுவந்த எல்-5 இந்த வகைக்கு வழிகாட்டி. அதுவும் போதவில்லை. 1936-ல் அதே கம்பெனி, மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரத்தில், காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப்பைப் பொருத்தி இஎஸ்-150 என்ற கிதாரை வெளியிட்டது. 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அதைக் கையில் எடுத்ததும் கிதார் முன்வரிசைக்கு வந்துவிட்டது. ஒற்றை ஒற்றை ஸ்வரமாக, நீண்ட வாக்கியங்களாக வாசித்தார். 1942-ல் அவர் காசநோயில் இறந்தபோது வயது 25. இன்றைக்கும் ஜாஸ் கிதார் கற்கிற பலர் அவருடைய அந்தச் சில வருஷப் பதிவுகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வந்த பிறகு பெரிய உடம்பே தொல்லையாயிற்று. ஸ்பீக்கரின் ஒலி வெற்று வயிற்றை அதிரவைக்கும். அந்த அதிர்வைப் பிக்கப் பிடித்து மறுபடியும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். அடுத்த நொடி ஊளைச் சத்தம். எஃப் துளைக்குள் துணியை அடைத்து வாசித்தவர்கள் உண்டு. 1949-ல் வந்த இஎஸ்-175 மேப்பிள் ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டது. செதுக்கிய பலகை அளவுக்கு அது அதிராது, விலையும் குறைவு. ஜாஸ் கலைஞர் ஜிம் ஹால் வாசித்த கிதார் அது. ஜாஸ் என்றதும் பலர் மனதில் ஒலிக்கிற சத்தம் அதனுடையது. ஆனாலும் ஆழம் அப்படியே இருந்தது. நின்றுகொண்டு மணிக்கணக்கில் வாசிக்கிறவருக்கு வலது தோள் உயர்ந்தே இருக்க வேண்டும்.

1955-ல் நாஷ்வில்லின் இரண்டு கிதார்க்காரர்கள், பில்லி பேர்டும் ஹாங்க் கார்லண்டும், மெலிந்த கிதார் வேண்டுமென்று கேட்டார்கள். அவர்கள் இருவர் பெயரையும் சேர்த்துப் பேர்ட்லாண்ட் என்று பெயர் வைத்து, இரண்டே கால் அங்குல ஆழத்தில் ஒன்றைச் செய்துகொடுத்தது கிப்சன். மூன்று வருஷம் கழித்து, 1958-ல், டெட் மெக்கார்ட்டி நிர்வாகத்தில் இஎஸ்-335 வந்தது. ஆழம் சுமார் ஒன்றே முக்கால் அங்குலம். உள்ளே நடுவில், பிக்கப்களுக்கும் பிரிட்ஜுக்கும் அடியில், உடம்பின் நீளம் முழுக்க ஒரு மேப்பிள் கட்டை ஓடியது. இரண்டு சிறகுகள் மட்டும் வெற்றிடம். அடுத்த வருஷமே அதே வெட்டு, அதே மெலிவு, ஆனால் நடுக்கட்டை இல்லாமல் இஎஸ்-330. கிப்சன் வாங்கியிருந்த எபிஃபோன் பெயரில் 1961-ல் அதுவே கேசினோ ஆயிற்று. பீட்டில்ஸின் மூன்று கிதார்க்காரர்களும் கேசினோ வைத்திருந்தார்கள். ஜாஸ் கலைஞர் கிராண்ட் கிரீன் 330-ல் வாசித்தார். 1963-ல் பதிவான அவருடைய ‘ஐடில் மொமெண்ட்ஸ்’ ஆல்பத்தைக் கேட்டால், ஒவ்வொரு ஸ்வரமும் மரத்தில் தட்டியது போல எழுந்து, அடுத்ததற்கு இடம்விட்டு ஒதுங்குவது தெரியும்.

தேர்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தந்தியை மீட்டும்போது நாம் கொடுக்கிற சக்திக்கு ஒரு அளவு உண்டு. மேல்பலகை தாராளமாக அதிர்ந்தால் அந்தச் சக்தி சட்டென்று காற்றில் ஒலியாகச் செலவாகிவிடும். ஸ்வரம் பருத்துப் பிறந்து சீக்கிரம் அடங்கும். நடுவில் கட்டை இருந்தால் பலகை அசையாது. சக்தி தந்தியிலேயே தங்கும். ஸ்வரம் நீண்டு நிற்கும். ஸ்விங் தாளத்தில் நாலு கார்டுகளை அடுத்தடுத்துப் போடும்போது முந்தைய கார்டு விலகாமல் நின்றால் குழம்பிப்போகும். ஆகவே பழைய ஜாஸுக்கு வெற்று வயிறு சாதகம். ஸ்வரத்தை இழுத்து, வளைத்து, ஊதுகிற வாத்தியம் மாதிரி நீட்ட வேண்டுமானால் கட்டை வேண்டும். கடைகளில் இரண்டையும் ஒரே வரிசையில் மாட்டியிருப்பார்கள். வெளியே பார்த்தால் எது எதுவென்று சொல்வது கஷ்டம். எஃப் துளைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால் உள்ளே கட்டை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இந்த அமெரிக்க வாத்தியத்தின் உடம்பில் நம் காட்டு மரம் நுழைந்த கதையும் உண்டு. விரல்கள் ஓடுகிற ஃபிரெட்போர்டுக்கு ஆரம்பத்தில் பிரேசில் ரோஸ்வுட் போட்டார்கள். 1960-களில் அது கிடைப்பது குறையத் தொடங்கியதும் தென்னிந்திய ஈட்டி மரத்துக்கு மாறினார்கள். தோதகத்தி என்றும் அதைச் சொல்வோம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் வயநாட்டிலும் வளர்கிற மரம். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற மரம். இன்னொரு கிதார் கம்பெனியான மார்ட்டின் 1969-ல் மாறியது. ஒருகாலத்தில் வீட்டுக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் போன அந்தக் கருஞ்சிவப்புக் கட்டை, கப்பலேறி உலகத்துக் கிதார்களின் கழுத்தில் உட்கார்ந்தது. தமிழ்நாட்டில் ரோஸ்வுட் மரங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே 1994-ல் கொண்டுவர வேண்டியிருந்தது. சொந்த நிலத்தில் நிற்கிற ஈட்டியை வெட்டவும் அதன்படி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

2011 ஆகஸ்டில் அமெரிக்க வனவிலங்குத் துறை அதிகாரிகள் கிப்சனின் தொழிற்சாலைகளில் புகுந்து, இந்தியாவிலிருந்து வந்த ஃபிரெட்போர்டுத் துண்டுகளைக் கைப்பற்றினார்கள். அப்போதைய இந்தியச் சட்டப்படி அறுத்த மரத்தை ஏற்றுமதி செய்யக்கூடாது, முடித்த வாத்திய பாகத்தைச் செய்யலாம். ஃபிரெட் கம்பிக்கு இன்னும் கோடு வெட்டாத ஒரு துண்டு, மரமா, பாகமா? வழக்கு இந்தக் கேள்வியில் நின்றது. 2012-ல் சமரசம் ஆனபோது கிப்சன் மூன்று லட்சம் டாலர் அபராதம் கட்டியது. ஆனால் அது மடகாஸ்கர் கருங்காலிக்காக. இந்திய மரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. கிதாரைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டுகிற கலைஞர்களும் அல்லாடினார்கள். 2019 நவம்பரில்தான் முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. அந்த இடைவெளியில் பல கம்பெனிகள் வேறு மரம் தேடின. இன்றைய எபிஃபோன் இஎஸ்-335-ல் ஃபிரெட்போர்டு இந்தியன் லாரல். நம் காடுகளின் கருமருது அது. ஈட்டி போன இடத்துக்கு இன்னொரு நம்மூர் மரம் போயிருக்கிறது. ஒரு மரத்தைக் காப்பாற்றப் போட்ட சட்டம் இன்னொரு மரத்தின்மேல் கோடாலியைத் திருப்பாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை எனக்கு உண்டு.

இன்னொரு பொருள் தோல் ஊர்க்காரர்களுக்கு ரொம்ப நெருக்கம். 1950-களில் கிப்சன் கிதாரின் கழுத்தை உடம்போடு ஒட்டியது தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தால். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலின் உள்பக்கத்தைச் சுரண்டும்போது விழுகிற சவ்வும் ஓரத் துண்டுகளும்தான் வச்சிரத்தின் மூலப்பொருள். பதனிடும் ஊர்களில் அந்த வாடை எல்லோருக்கும் தெரியும். காய்ந்ததும் கண்ணாடி போல இறுகி, அதிர்வைத் தடுக்காமல் கடத்துகிறது என்பது செய்கிறவர்களின் நம்பிக்கை. சூடு காட்டினால் இளகும் என்பதால் பிற்காலத்தில் பழுதுபார்ப்பதும் எளிது. பிறகு செயற்கைப் பசைக்கு மாறிய கிப்சன், பழைய மாதிரிகளை மறுபடி செய்யும்போது வச்சிரத்துக்கே திரும்பியிருக்கிறது.

அந்த வாடை வீசுகிற ஊர் ஒன்றிலிருந்து ஒரு ஜாஸ் கிதார்க்காரர் வந்திருக்கிறார். கிதார் பிரசன்னா ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தார். வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமாரியிடம் கர்நாடக இசை கற்றார். பிறகு பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரி. பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலா கலைஞர் நிதின் மிட்டா இருவரோடும் சேர்ந்து அவர் வாசித்த ‘தீர்த்தா’ ஆல்பம் 2011-ல் வெளிவந்தது. அதைக் கேட்கும்போது ஒரே தந்தியில் இரண்டு தேவைகள் மோதுவது புரியும். கமகத்துக்கு ஸ்வரம் சாகாமல் நீள வேண்டும். ஜாஸ் வாக்கியத்துக்கு அது சட்டென்று விலக வேண்டும். அவர் இரண்டையும் விரலால் சமாளிக்கிறார். நம் பக்கத்துப் பிள்ளைகள் கிதார் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரட்டைத் தேவையை மறந்துவிடக் கூடாது. அமெரிக்கக் கலைஞர்கள் சொல்கிற ஆலோசனை பாதிதான் நமக்குப் பொருந்தும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் ராணிப்பேட்டை பக்கத்து வாலாஜா ரோடு. அந்தத் தடத்தில் தோல் சென்னைக்குப் போனது. அதே தடத்தில் ஏறித்தான் இன்றும் நல்ல கிதாரைத் தொட்டுப்பார்க்கச் சென்னை போக வேண்டியிருக்கிறது. 1842-ல் வேர்விட்ட மியூஸி மியூசிகல் அண்ணா சாலையில் இருக்கிறது. வேறு கடைகளும் உண்டு. கையில் வருகிற கிதார் பெரும்பாலும் கலமசூவில் செய்ததாக இருக்காது. எபிஃபோன் தயாரிப்பு 1970-ல் ஜப்பானுக்குப் போய், கொரியா வழியாக, 2004-ல் சீனாவின் சிங்தாவ் தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. அது குறையில்லை. வாசித்துப் பாருங்கள்.

முதலில் ஆம்பில் செருகாமல் வாசிக்க வேண்டும். வெற்று உடம்புக் கிதார் தனியாகவே ஓர் அறையில் பேச வேண்டும். ஊமையாக இருந்தால் பிக்கப் அதைக் காப்பாற்றாது. பிறகு ஆம்பில் செருகி, மேடையில் வைக்கிற அளவுக்கு ஓசையைக் கூட்டி, ஆறாவது தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டை மீட்டிக் கையை எடுங்கள். ஊளை எங்கே ஆரம்பிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். கடைக்காரர் ஓசையைக் குறைக்கச் சொன்னாலும் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். அடுத்தது பிக்கப். பி-90 என்ற வகை எனக்குப் பிடித்த சத்தம், ஆனால் அது ஒற்றைச் சுருள். சுற்றியுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலத்தைப் பிடித்து ‘ம்ம்’ என்று இரைந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் கிப்சனின் செத் லவர் 1955-ல் இரட்டைச் சுருள் ஹம்பக்கரை வடிவமைத்தார். ஒன்று, அந்த இரைச்சலோடு வாழப் பழகுங்கள். இல்லையேல் ஹம்பக்கர் வாங்குங்கள்.

வேலூரின் மே மாத வெயில் 42 டிகிரியைத் தாண்டும்; ஐப்பசி மழையில் சுவரே ஈரம் கசியும். இந்த ஏற்ற இறக்கத்தில் செதுக்கிய திடப்பலகை வெடிக்கும், வளையும். ஒட்டுப்பலகை நிற்கும். இங்கே குடியிருக்கிறவர் செதுக்கிய பலகைக் கிதாருக்கு ஆசைப்பட வேண்டாம் என்பேன், காசு இருந்தாலும். கோடையில் ஃபிரெட்போர்டு சுருங்கி ஃபிரெட் கம்பியின் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொள்ளும்; கை கீறும். வாங்கும்போதே விரலை ஓரமாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடையில் வழக்கமாக மெல்லிய தந்தி போட்டிருப்பார்கள். ஜாஸுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ அளவில், தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்தி மாற்றச் சொல்லி, மறுநாள் போய் வாசித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கார்டும் ஸ்விங்கும்தான் உயிர் என்றால் 330, கேசினோ வகை. கல்யாணி ராகத்தையும் அதே கிதாரில் இழுத்துப் பார்க்கிற ஆசை இருந்தால் கட்டை வைத்த 335 வகை. அது கூடுதல் எடை, மூன்றரைக் கிலோவைத் தாண்டும். தோளில் போடுகிற பட்டையை மட்டும் கடையில் வாங்க வேண்டாம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல், மூன்று மில்லி கனம், இரண்டரை அங்குல அகலம் என்று நம் ஊரிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள்.